இரண்டாவது கியரும் மச்சான் மாட்டிய இரும்புக் குமிழும்: ரந்தாவிலிருந்து பகாவ் வரை

சென்ற சனிக்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு ரந்தாவிலிருந்து பகாவுக்குக் கிளம்பினோம். ஊர் சுற்ற அல்ல. ஒரு காரை நம்பலாமா, நம்பக் கூடாதா என்று முடிவு கட்ட.

என் மனைவி விமலா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பகாவைத் தாண்டி ஒன்பது கிலோமீட்டர் உள்ளே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்னப் பள்ளிக்கு அவளைத் தலைமையாசிரியராகப் போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை பொறுப்பேற்க வேண்டும். மகளுக்கு இந்த வருடம் எஸ்.பி.எம். பள்ளி இறுதிப் பரீட்சை, அதனால் வீட்டை மாற்ற வழியில்லை. எனக்கு வேலைக்குக் கம்பெனி வேன் இருக்கிறது. அவளுக்கு இருப்பது பதினான்கு வயதான எங்கள் மெனுவல் கார் ஒன்றுதான். போக வர நூற்றெண்பத்தெட்டு கிலோமீட்டர், வாரத்தில் ஐந்து நாள். அந்தக் காரில் இரண்டாவது கியர் போட்டால் நிற்காது. இரண்டு வருடமாக இந்தக் கூத்துதான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் பள்ளியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவள் தனியாகப் போனாள். தோட்டத்துக்குள் ஒரு செம்மண் மேடு இருக்கிறது. ஏறிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது கியர் 'டப்' என்று வெளியே துள்ளி, கார் பின்னால் உருண்டு கால்வாய் ஓரத்தில் போய் நின்றது. கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு எனக்குப் போன் செய்தாள். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "கிளட்ச்ச முழுசா மிதிச்சியா?" இதைத்தான் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் கால் சரியில்லை, அவள்தான் கியர் பெட்டியைக் கெடுத்துவிட்டாள் என்பது என் கட்சி. செரம்பானில் ஒரு மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு, பெட்டியை இறக்க வேண்டும், இரண்டாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் ஆகும் என்று சொன்னதும் என் கட்சிக்கு இன்னும் பலம் கூடிவிட்டது.

விமலா அதற்கப்புறம் பதவி வேண்டாம் என்று ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். சனிக்கிழமை அந்த மேட்டில் கார் ஏறினால் கடிதம் கிழியும். ஏறாவிட்டால் திங்கட்கிழமை கல்வி அலுவலகத்துக்குப் போகும். இதுதான் ஏற்பாடு.

இதற்கு நடுவில் வந்து சேர்ந்தான் என் மச்சான் தினேஷ், விமலாவின் தம்பி. லிங்கியில் வீட்டு முன்னாலேயே கார் அலங்காரச் சாமான் விற்கிறான். சீட் உறை, ஸ்டேரிங் உறை, நீலமாக மின்னும் விளக்கு, எல்லாம் உண்டு. அந்தச் சனிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்தபோது, எங்கள் காரின் பழைய பிளாஸ்டிக் கியர் குமிழ் போய், பளபளவென்று ஓர் இரும்பு உருண்டை உட்கார்ந்திருந்தது.

"அக்காவுக்கு கிப்ட் லா மாமா. வெயிட்டு நோப். இனிமே செக்கன் கியரு தானா போயி விழும், பாருங்க."

ஒரு குமிழை மாற்றினால் கியர் பெட்டி குணமாகுமா? யாரிடம் காதில் பூ சுற்றுகிறான்? நான் பெட்ரோல் ஊற்றும்போது மீட்டர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று இறங்கிப் பார்க்கிற ஆள். ஆனால் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தபோது இரண்டாவது கியர் சத்தமில்லாமல் விழுந்தது, விழுந்த இடத்தில் நின்றது. விமலா சந்தோஷத்தில் இரண்டு முறை கை தட்டினாள். எனக்கு மட்டும் சந்தேகம் இரட்டிப்பானது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இரண்டு குமிழையும் சமையல் தராசில் வைத்தேன். பழையது அறுபத்திரண்டு கிராம். புதியது நானூற்றுப் பத்து. கியர் கம்பியின் மரையும் புதிய குமிழின் மரையும் வேறு வேறு அளவு என்பதால் நடுவில் ஓர் அலுமினிய வளையம் போட்டு, சுற்றிலும் மூன்று சின்னத் திருகாணி வைத்து இறுக்கியிருந்தான். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. அதுவே என்னை உறுத்தியது, ஏனென்றால் தினேஷ் எதையும் சுத்தமாகச் செய்கிறவன் இல்லை.

அடுத்த சந்தேகம். பகாவ் போகிறோம், கூட வா என்றேன். ஓசிச் சாப்பாடு என்றால் எத்தனை மைல் ஆனாலும் வருகிறவன், "வேல இருக்கு மாமா" என்றான். கிளம்புகிற காலையில் போனில் ஒரு செய்தியும் அனுப்பினான்: 'மாமா, நோப்ப மட்டும் கழட்டாதீங்க. மரை தேஞ்சிரும்.' கழற்றாதே என்று ஒருவன் ஏன் சொல்ல வேண்டும்? பழைய குமிழையும் எல் வடிவச் சாவியையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கால் பக்கம் வைத்துக்கொண்டேன்.

போகும்போது நான் ஓட்டினேன். வீட்டைத் தாண்டி இரண்டு கிலோமீட்டரில் தோட்டத்து முனியாண்டி கோயில் வரும். அதைக் கடக்கும்போதெல்லாம் விமலா கியர் கம்பியின் அடியில் இருக்கும் தோல் உறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். உறைக்குள்ளே சாமிக் கயிறு கட்டியிருக்கிறாள். அன்றும் தொட்டாள். தொட்டவள் கையை எடுக்காமல், "நோப் மாத்துனதுல இந்த லெதரு தொளதொளன்னு ஆயிருச்சி இல்ல?" என்றாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் கவனமெல்லாம் உருண்டை மேல்.

இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் பலர் இப்படி ஒரு குமிழ் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். பழைய குமிழோடு கியரை நாம் தள்ள வேண்டும், கடைசி வரைக்கும் தள்ள வேண்டும். புதியதைக் கொஞ்சம் நகர்த்திவிட்டால் போதும், மீதியை அதன் கனமே இழுத்துக்கொண்டு போகிறது. கை மணிக்கட்டுக்கு வேலை குறைவு. விழுந்ததும் உள்ளங்கையில் 'தொக்' என்று ஒரு கனமான பதில் கிடைக்கிறது. இது இரண்டு விரல் அளவு தாழ்வாக உட்கார்ந்திருப்பதால் கை நகரும் தூரமும் குறைகிறது. ஆனால் கம்பி குட்டையாகிவிட்டதால், காலையில் பெட்டி எண்ணெய் சூடாகும் முன் முதல் கியர் போடக் கொஞ்சம் கூடுதல் பலம் வேண்டியிருந்தது. இதையெல்லாம் சொன்னபோது விமலா, "இப்ப நல்லா இருக்குன்னு சொல்றீங்களா, இல்லன்னு சொல்றீங்களா?" என்றாள். நல்லாயிருக்கிறது, அதுதான் பிரச்சினை என்றேன்.

ஏழு நாற்பத்திரண்டுக்கு செரம்பான். மீட்டரில் இருபது கிலோமீட்டர். ஆளுக்கு இரண்டு தோசை, ஒரு தே தாரிக் டீ, மொத்தம் பதினான்கு ரிங்கிட் அறுபது காசு. எட்டு இருபதுக்குக் கிளம்பி புக்கிட் புத்துஸ் ஏற்றத்தைப் பிடித்தோம். முன்னால் ஒரு சிமெண்டு லோரி உறுமிக்கொண்டு போனது. நான்கிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு, திரும்ப மூன்று என்று வேண்டுமென்றே மாற்றிக்கொண்டே ஏறினேன். ஒரு முறைகூட வெளியே துள்ளவில்லை. இன்னொன்றையும் கவனித்தேன். பழைய பிளாஸ்டிக் குமிழ் ஏற்றத்தில் வண்டு போலக் கையில் அதிரும். இந்த உருண்டையில் அதிர்வே இல்லை. கனம் அத்தனையையும் விழுங்கிவிடுகிறது.

"பாத்தியா, இதான் திருட்டுத்தனம்" என்றேன். "உள்ள பெட்டி செத்துக்கிட்டு இருக்கும். இது சத்தமே வெளிய வராம மூடி வைக்கும். ஒரு நாள் நடு ரோட்டுல நிக்கும்போதுதான் தெரியும்."

"உங்களுக்கு என் தம்பி என்ன செஞ்சாலும் திருட்டுத்தனந்தான்."

"பழைய காரு விக்கிறவன் கெட்டி எண்ணெய ஊத்தி சத்தத்த மறைப்பான் தெரியுமா? அந்த மாதிரி ஏதாச்சும் ஊத்திருக்கான் ஒன் தம்பி."

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். கடிதம் அதற்குள்தான் இருந்தது.

கோலப்பிலாவில் நாற்பது நிமிடம் நின்றோம். அவள் பள்ளிக்கு வேண்டிய சில பதிவுப் புத்தகங்கள் வாங்கினாள். காரை வெயிலில் விட்டது என் தப்பு. திரும்பி வந்து குமிழில் கை வைத்ததும் ஐயோ என்று கத்திவிட்டேன். தோசைக்கல் கெட்டது போங்கள். கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டுதான் முதல் மூன்று கிலோமீட்டர் ஓட்டினேன். வாங்குகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நம்முடைய வெயிலுக்கு வெறும் இரும்பு ஒத்து வராது. தோல் சுற்றியதோ, மேலே ஓர் உறையோ கட்டாயம் வேண்டும்.

கோலப்பிலாவிலிருந்து பகாவ் இருபத்தேழு கிலோமீட்டர். பத்து ஐந்துக்குப் பகாவ் பேருந்து நிலையத்தைத் தாண்டினோம். ஊரைக் கடந்ததும் இரண்டு பக்கமும் செம்பனை. தார்ச் சாலை முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில் தோட்டத்துக் காவல் கொட்டகை இருக்கிறது. பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு, மேட்டுக்கு முன்னாலேயே காரை ஓரம் கட்டினேன்.

முதலில் புதிய குமிழோடு ஏறிப் பார்த்தோம். விமலாதான் ஓட்டினாள். இரண்டாவது கியர் போட்டாள், கார் முனகாமல் மேலே போய் நின்றது. குழிகளில் இறங்கும்போது உருண்டையின் கனத்தில் கம்பி முன்னும் பின்னும் தலையாட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. தேய்ந்த பெட்டியாக இருந்தால் இந்த ஆட்டத்திலேயே கியர் வெளியே வந்துவிடும். ஆனால் வரவில்லை. விமலா முகத்தில் மூன்று வாரத்துக்கு அப்புறம் அன்றுதான் முழுச் சிரிப்பைப் பார்த்தேன்.

நான் விடுவேனா? கீழே இறங்கி வந்ததும் பையை எடுத்தேன். திருகாணி மூன்றையும் தளர்த்தி, உருண்டையையும் வளையத்தையும் கழற்றி, பழைய பிளாஸ்டிக் குமிழை மாட்டினேன். அலுமினியத்தில் மரை கொஞ்சமும் தேயவில்லை. ஆக அந்தச் செய்தி பொய். "இப்ப ஏறு" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பரீட்சையில் தேறிய பிள்ளையை மறுபடி எழுதச் சொன்னால் எப்படிப் பார்க்குமோ அப்படி. ஆனாலும் ஏறி உட்கார்ந்தாள்.

இரண்டாவது கியர் துள்ளும், மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்ததே நடக்கும், தினேஷின் குட்டு வெளிப்படும் என்று கைப்பிரேக்கில் கை வைத்துக் காத்திருந்தேன். துள்ளவில்லை. அறுபத்திரண்டு கிராம் பிளாஸ்டிக்கோடு அதே மேட்டில் அதே கார் சுகமாக ஏறியது. மணிக்கட்டில் கொஞ்சம் பலம் கூட வேண்டியிருந்தது, அந்தப் பழைய அதிர்வும் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டாவது கியர் அசையாமல் நின்றது.

குமிழால் குணமாகவில்லை என்று நான் சொன்னது சரிதான். அப்படியென்றால் எதனால் குணமானது?

மேட்டின் உச்சியில் செம்பனைப் பழக்குலை ஏற்றும் லோரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதன் டிரைவர் நிழலில் உட்கார்ந்து, நாங்கள் ஏறி இறங்கி ஏறுவதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் சுப்ரா. என் வயதுதான் இருக்கும்.

"என்னா பாஸ், காருக்கு டெஸ்டா?"

கதையைச் சொன்னேன். உருண்டையைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"இத போட்டா கைக்கு நல்லா இருக்கும். பெட்டிக்கு ஒன்னும் ஆவாது. சரி, எந்த கியரு வெளிய துப்பிச்சி? முன்னால தள்றதா, பின்னால இழுக்குறதா?"

யோசித்தேன். இரண்டாவது. சில நேரம் நான்காவது. ரிவர்ஸ் போட எப்போதும் இரண்டு தடவை இழுக்க வேண்டும். மூன்றும் பின்னால் இழுக்கிறவை. ஒன்று, மூன்று, ஐந்தில் ஒரு நாளும் தொல்லை இருந்ததில்லை. எல்லோரையும் சந்தேகப்படுகிற எனக்கு இரண்டு வருடமாக இது தோன்றவில்லை பாருங்கள்.

"அப்ப பெட்டி இல்ல லா. கம்பி முழுசா பின்னால போவாம ஏதோ தடுத்துருக்கு. நோப் மாத்துனவன் உள்ள கை வச்சிருக்கான்." அவர் கதவைத் திறந்து, கம்பியைச் சுற்றியிருந்த தோல் உறையை மேலே தூக்கினார்.

மூவரும் தலையை உள்ளே விட்டுப் பார்த்தோம். கம்பி சுத்தமாக இருந்தது, அதன் மேல் புதிதாகக் கத்தி கீறிய தடங்கள். கம்பி நுழைகிற துளையின் பின் விளிம்பில் பிளாஸ்டிக் அமுங்கிப் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் ஒரு விரற்கடை நீளத்துக்கு மஞ்சள் நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சிவப்புத் துணியின் பிசிறு.

"கயிறு எங்க?" என்றாள் விமலா.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு வருடமும் முனியாண்டி கோயில் திருவிழா முடிந்ததும் காருக்குப் பூசை போடுவோம். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், கண்ணாடியில் சந்தனம். அப்புறம் மந்திரித்த மஞ்சள் கயிறும், விபூதி முடிந்த சிவப்புத் துணியும் விமலா கியர் கம்பியில் கட்டுவாள். கட்டிய சாமிக் கயிற்றை வெட்டக் கூடாது, தானாக அறுந்து விழ வேண்டும். கையில் கட்டினால் குளிக்கக் குளிக்க நைந்து ஆறு மாதத்தில் விழுந்துவிடும். தோல் உறைக்குள், குளிர்காற்றில், இரும்புக் கம்பியில் இருப்பது எப்படி நையும்? கார் வாங்கிய வருடத்திலிருந்து ஒன்றின் மேல் ஒன்றாகப் பதினான்கு வருடத்துக் கயிறு.

விமலா தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"மாமா நோப்ப கழட்டிட்டாரா?" எடுத்ததும் அதைத்தான் கேட்டான்.

"கயிறு எங்கடா?"

"சோரி லா அக்கா. அந்த வளையம் கீழ எறங்கல. லெதர தூக்கி பாத்தா மாங்கா சைசுக்கு முடிச்சி, எல்லாம் பின்பக்கம். கம்பி பின்னால போவவே எடமில்ல. சாமிய கும்பிட்டுட்டுதான் கத்தி வச்சேன். வெட்டிட்டு போட்டு பாக்குறேன், செக்கன் கியரு சும்மா வழுக்கிட்டு போவுது."

"அத ஏண்டா சொல்லல?"

"சொன்னா நீ கார தொட மாட்டியே. கயிறு இல்லாம நீ ஒரு நாளாச்சும் ஓட்டிருக்கியா? லெட்டர் வேற எழுதி வச்சிருக்கேன்னு சொன்ன. அதான் நோப்பு மேல பழிய போட்டேன்."

"நல்லதுக்கு யாராச்சும் பழி போடுவாங்களா?" என்று நான் நடுவில் புகுந்தேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். விமலா என் பக்கம் திரும்பினாள்.

"கயிற நான் மொதல்ல எங்க கட்டுனேன்? நோப்புக்கு கீழ, வெளிய தெரியிற மாதிரி கட்டுனேன். பாக்க அசிங்கமா இருக்கு, உள்ள தள்ளி கட்டுன்னு சொன்னது யாரு?"

நான்தான். நினைவிருக்கிறது. கம்பெனி நண்பர்கள் ஏறினால் என்ன நினைப்பார்கள் என்று சொன்னேன்.

"ரெண்டு வருசமா என் காலு சரியில்ல, காலு சரியில்லன்னு சொன்னீங்க. புள்ள முன்னாலயே சொன்னீங்க. நானும் நம்பிட்டேங்க. தனியா ரூம்ல ஒக்காந்து கால தூக்கி தூக்கி மிதிச்சி பழகிருக்கேன் தெரியுமா?"

தெரியாது. சுப்ரா மெல்ல நழுவி லோரிக்குப் போய்விட்டார். எனக்கும் எங்காவது நழுவிவிடலாம் போலிருந்தது. வெட்கமாக இருந்தது. உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்டேன், தினேஷை, மெக்கானிக்கை, அவள் காலை. கோயில் கயிற்றை உள்ளே தள்ளச் சொன்ன என் வாயை ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை. "தப்புதான் விமலா" என்றேன். அவள் சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள்.

பள்ளியைப் போய்ப் பார்த்தோம். நான்கு வகுப்பறைக் கட்டடம், திடலில் இரண்டு கோல் கம்பம், அலுவலகக் கதவில் பூட்டு. கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே இருந்த மேசையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். வேண்டுமா வேண்டாமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பன்னிரண்டேகாலுக்குப் பகாவில் வாழை இலைச் சாப்பாடு, இரண்டு பேருக்கு இருபத்தாறு ரிங்கிட். விமலா கை கழுவிவிட்டு வந்து, "லிங்கிக்கு போறோம்" என்றாள்.

பகாவிலிருந்து ரந்தாவ் தாண்டி லிங்கி நூற்றேழு கிலோமீட்டர். முழுவதையும் அவளே ஓட்டினாள். கயிறு இல்லாத கார் என்று தெரிந்த பிறகு அவள் ஓட்டிய முதல் நீண்ட பயணம் அது. கோலப்பிலா வரைக்கும் ஸ்டேரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். புக்கிட் புத்துஸ் இறக்கத்தில் ஒரு மோட்டார்சைக்கிள் குறுக்கே வந்தது. மூன்று, இரண்டு என்று பதறாமல் இறக்கி வேகத்தைக் குறைத்தாள். அதற்கப்புறம் தோள் கொஞ்சம் இறங்கியது. முனியாண்டி கோயிலில் நிறுத்தி, இறங்கிப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தாள். காரில் எதையும் தொடவில்லை.

மூன்று நாற்பதுக்கு லிங்கி. தினேஷ் வாசலில் நின்றான், அடி வாங்கத் தயாரான முகத்தோடு. கயிற்றைக் குப்பையில் போட அவனுக்கும் மனசு வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கடைச் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தான். திறந்து பார்த்தேன். நிஜமாகவே மாங்காய் அளவு. எண்ணெயும் தூசியும் ஏறிக் கல் மாதிரி இறுகிக் கிடந்தது. தனியாக ஒரே ஒரு கயிறு மட்டும் வெட்டுப்படாமல் இருந்தது.

"அது இந்த வருசத்துது அக்கா. மேலாப்ல இருந்திச்சி. அவுத்து எடுத்துட்டேன்."

ஆற்றங்கரைக்கு நடந்தோம். லிங்கி ஆற்றில் முதலை உண்டு. எச்சரிக்கைப் பலகை இருக்கிறது, படிக்காமல் இறங்காதீர்கள். மிதந்து வந்த ஒரு கட்டையை நான் ஐந்து நிமிடம் முறைத்துப் பார்த்தேன். விமலா படகுத்துறையின் மேல் நின்றபடி கைப்பையைத் திறந்தாள். உறையிலிருந்து கடிதத்தை எடுத்து, பதினான்கு வருடத்துக் கயிற்றையும் அதற்குள் வைத்துப் பொட்டலமாக மடித்து, ஓடுகிற தண்ணீரில் விட்டாள். "அக்கா, அது என்னா பேப்பரு?" என்று தினேஷ் கேட்டான். "ஒன்னுமில்ல, பழைய பேப்பரு" என்றாள்.

பிறகு என்னைக் கூப்பிட்டு வலது கையை நீட்டச் சொன்னாள். வெட்டுப்படாத கயிற்றை மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"கார்ல கட்டுனேன், கியரு அடைச்சிக்கிச்சி. உங்க கையில கட்றேன். வாய் அடையுதான்னு பாப்போம்."

தினேஷ் சிரித்தான். அவளும் சிரித்தாள். நானும் வேறு வழியில்லாமல் சிரித்தேன்.

இந்த வழியில் போகிறவர்களுக்கு: ரந்தாவிலிருந்து பகாவுக்கு என் மீட்டரில் எண்பத்தைந்து கிலோமீட்டர். நிற்காமல் போனால் ஒன்றே முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய மொத்த ஓட்டம் இருநூற்று முப்பத்திரண்டு கிலோமீட்டர், பெட்ரோல் முப்பது ரிங்கிட்டுக்குச் சற்று மேல். மழை பெய்தால் தோட்டத்துச் செம்மண் சாலையில் சின்னக் காரை இறக்காதீர்கள். கனமான குமிழ் வாங்குகிறவர்கள் வாங்குங்கள், கைக்குச் சுகம் உண்டு, நான் மறுக்கவில்லை. மரை அளவைப் பார்த்து வாங்குங்கள், ஓர் உறையும் சேர்த்து வாங்குங்கள். ஆனால் கெட்ட கியரை அது குணமாக்கும் என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள், என் மச்சானே சொன்னாலும் சரி. சாமிக் கயிறு கட்டுகிறவர்கள் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியின் கம்பியில் கட்டுங்கள், அசையாத இடத்தில். முக்கியமாக ஒன்று. வீட்டுக்காரி கியர் விழவில்லை என்று சொன்னால், அவள் காலைப் பார்க்கும் முன் அந்தத் தோல் உறையைத் தூக்கிப் பாருங்கள்.

எந்தக் குமிழ் இப்போது காரில் இருக்கிறது என்று கேட்பீர்கள். இரும்புதான். பழைய துவாலையில் ஒரு துண்டு வெட்டி அவளே உறை தைத்துப் போட்டிருக்கிறாள்.

திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தேகாலுக்கு விமலா கிளம்பினாள். வாசல் கதவைத் திறந்துவிட்டு நின்றேன். கார் என்னைத் தாண்டும்போது, வழக்கமாகச் சொல்வது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது: கிளட்ச்சை முழுசாக மிதி. மணிக்கட்டில் கயிறு உறுத்தியது. வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் ஆட்டினேன். தெருமுனையில் கார் திரும்பியது. முதல் கியரின் இரைச்சல் அடங்கி, இரண்டாவது விழுந்தது கேட்டது. சரியாகத்தான் மிதித்திருந்தாள்.